முதல்வண்டிக்காரரின் நடை

ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. முதல்வண்டிக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். இருட்டு பிரியும் முன்னே டிப்போவிலிருந்து கிளம்பி, ரயில் நிலையத்தைத் தொட்டு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிற முதல் பஸ்ஸை வருடக்கணக்காக அவர்தான் ஓட்டினார். சீனியாரிட்டி வந்த பிறகு வேறு நல்ல ஷிஃப்டெல்லாம் கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் வாங்கவில்லை. தன் ஹாரன் சத்தத்தில்தான் ஊர் கண் விழிக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். ஊருக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததா என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, கேட்டிருந்தால் மனுஷர் உடைந்துபோயிருப்பார்.

ஓட்டுவதில் அவர் கில்லாடி. கை காட்டிய ஆளை விட்டுவிட்டுப் போனதாக அவர் மேல் ஒரு புகார் கிடையாது. ஆனால் அந்த பஸ் ஓடிய தூரமெல்லாம் அவர் உட்கார்ந்தே போன தூரம் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. டிப்போவுக்குப் போக ஸ்டாஃப் வேன் வீட்டு வாசலுக்கே வரும். தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் ஸ்கூட்டரை உதைப்பார். வீட்டில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் போய்வருவார், அதிலும் நடுவில் ஒரு பெருமூச்சு விடுவார். முன்பெல்லாம் அவருடைய வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு சாப்பாட்டு டப்பாவை வைக்கலாம். பிறகு ஒரு கைக்குட்டை வைக்க இடம் இருந்தது. கடைசியில் ஒரு டிக்கெட்டைச் செருகக்கூட இடமில்லாமல் போனது.

அந்த நிலைமையில்தான் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தது. டிரைவர்களைப் பார்ப்பதற்கென்று இருந்த டாக்டரம்மா பார்க்கச் சின்னப் பெண் மாதிரி இருப்பார், கேள்வி கேட்க ஆரம்பித்தால் போலீஸ் தோற்றுவிடும். ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு கையில் பார்த்தார். சர்க்கரை ரிப்போர்ட்டைப் புரட்டினார். மாடிப்படி ஏறி இறங்கி வரச் சொன்னார். முதல்வண்டிக்காரர் ஏறியது உண்மை. பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கீழேயிருந்து டாக்டரம்மாவே ஏறிவந்து கூட்டிக்கொண்டு போனார்.

"இப்படியே உங்களை வண்டி ஓட்ட விட முடியாது," என்றார். "உங்களை நம்பி ஐம்பது பேர் உள்ள உட்கார்ந்திருக்காங்க. மாத்திரை எழுதியிருக்கேன், அதை ஒழுங்கா சாப்பிடுங்க. ஆனா மாத்திரை மட்டும் போதாது, தினமும் நடக்கணும். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தீங்கன்னா ஸ்டியரிங்கை மறந்துட வேண்டியதுதான்."

ஸ்டியரிங்கை மறந்தால் மீதி சர்வீஸ் முழுக்க டிப்போ கேட் கூண்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் வண்டியையும் வெளியே போகும் வண்டியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதன் ருசியை மறுநாளே அவருக்குக் காட்டிவிட்டார்கள். கூண்டில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். அவர் கண்ணெதிரே அவருடைய முதல் பஸ்ஸை ஒரு புது டிரைவர் கிளப்பிக்கொண்டு போனான். கேட்டைத் தாண்டும்போது கியரை மாற்றினான். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. முதல்வண்டிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த வாட்ச்மேன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, வண்டிக்குத்தான் வலிக்குது," என்றார் அவர்.

வீட்டில் மனைவி வைத்தியத்தை நேரடியாகவே ஆரம்பித்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏங்க, நாளைக்குக் காலையில எழுந்து நடங்க."

"எங்க நடக்கறது?"

"ரோட்டுலதான். வேற எங்க, சுவத்து மேலயா?"

அவருக்கு அது நிஜமான சந்தேகம். சும்மா ஒரு திசையில் போய், சும்மா திரும்பி வருவது அவருக்குத் தெரியாத வித்தை. ஒரு பயணம் என்றால் கிளம்பும் இடம் வேண்டும், சேரும் இடம் வேண்டும், போகிற வழி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். ஆகவே கேட் டியூட்டியைப் பகலுக்கு மாற்றிக்கொண்டு, மறுநாள் காலையில், முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே, ரயில் நிலைய வாசலில் போய் நின்றார். கூடவே மச்சினனும் வந்தான்.

மச்சினன் மனைவியின் தம்பி, அதே பஸ்ஸில் அவருக்குக் கண்டக்டர். வாயில் விசில் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. டபுள் விசில் என்றால் டிப்போ முழுக்கத் தெரியும். "மாமாவைத் தவிர வேற ஒருத்தருக்கு நான் விசில் அடிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவனாகவே சாயங்கால ஷிஃப்டுக்கு மாறியிருந்தான். அங்கேயும் வேறொருவருக்குத்தானே விசில் அடிக்க வேண்டும் என்று யாரோ கேட்டதற்கு, "அடிக்கிறேன், ஆனா மனசு வெச்சு அடிக்கறதில்ல," என்றான்.

"போலாமா மாப்ளே?" என்றார் மாமா.

மச்சினன் இரண்டு விசில் கொடுத்தான். நடை புறப்பட்டது.

முதல் ஸ்டாப் வந்தது. முதல்வண்டிக்காரரின் கால்கள் தாமாகவே இடது ஓரமாக ஒதுங்கி நின்றன. அவர் நிறுத்தவில்லை, அவை நின்றன. ஸ்டாப்பில் ஈ, காக்கைகூடக் கிடையாது. இருந்தாலும் மச்சினன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, "யாரும் இல்ல, போலாம் ரைட்!" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கால்கள் நகர்ந்தன. அடுத்த ஸ்டாப்பிலும் அப்படியே. ரோடே காலியாகக் கிடந்தாலும் சிவப்பு விளக்கில் நின்றார். வேகத்தடை வந்தபோது, நம்பினால் நம்புங்கள், நடையை மெதுவாக்கி ஏறி இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் டிரிப் முடிந்தது. டிரிப் முடிந்தால் ஓய்வு உண்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து சர்க்கரை தூக்கலாக ஆளுக்கொரு டீயும் பன்னும் சாப்பிட்டு, ஆட்டோ பிடித்து வீடு திரும்பினார்கள்.

நான்கைந்து நாளில் விஷயம் பரவிவிட்டது. பால் பூத்துக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு டீச்சரம்மா இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முட்டி வலி என்று, அந்த இரண்டு ஸ்டாப்புக்கும் பஸ் ஏறியே போய்வருகிறவர். ஒரு நாள் காலை, பஸ்ஸுக்காக நின்றிருந்த அவர் எதிரில் முதல்வண்டிக்காரர் வந்து நின்றார்.

"என்ன டிரைவர், வண்டி எங்க?"

"இதான் டீச்சரம்மா வண்டி," என்றான் மச்சினன், மாமாவைக் காட்டி. "பால் பூத் வழியா ஆஸ்பத்திரி. உள்ள ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க!"

டீச்சரம்மா வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைச் சிரிக்க விடாமல் அடக்கியவர். வாயை இறுக்கிக்கொண்டு முதல்வண்டிக்காரருக்குப் பின்னால் போய் நின்றார். பால் பூத்தில் மச்சினன் ஒரு விசில் அடித்து அவரை இறக்கிவிட்டபோது அந்த இறுக்கம் விட்டுப்போனது. பூத்துக்காரன் பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தார். அடுத்த நாள் மருந்துக் கடைக்காரரும் வரிசையில் சேர்ந்தார். அதற்கடுத்த நாள் அவருடைய அண்ணி. பிறகு யார் யாரோ. ஒருவர் பின்னால் ஒருவராக, பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், மச்சினன் கடைசியில். "முன்னாடி போங்க, முன்னாடி இடம் காலியாத்தான் இருக்கு!" என்று அவன் கத்துவான். முன்னால் இருப்பதெல்லாம் வெறும் ரோடு.

ஒரு மாதம் போனது. நடுவில் ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. முதல்வண்டிக்காரர் மாப்பிள்ளை மாதிரி தலைவாரிக்கொண்டு, மச்சினனோடு போய் உட்கார்ந்தார். டாக்டரம்மா பார்த்தார். ரத்த அழுத்தம் பேருக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது.

"நடக்கறீங்களா இல்லையா?"

"சத்தியமா நடக்கறேன் டாக்டரம்மா. ஒரு நாள் கட் அடிச்சதில்ல."

"எப்படி நடக்கறீங்க?"

அதைத்தான் கேட்டிருக்கக் கூடாது. மச்சினன் எழுந்து அந்த அறையிலேயே நடந்து காட்டினான். எடை மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டாப், ஜன்னலோரம் ஒரு ஸ்டாப், கைகழுவும் தொட்டியில் சிவப்பு விளக்கு. டிரிப் முடிந்ததும் டீ, பன், திரும்பி வர ஆட்டோ என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். டாக்டரம்மா முதலில் நெற்றியில் கை வைத்தார். பிறகு மேஜையில் தலையை வைத்தார். தோள் குலுங்கியது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னார்: "ஐயா, நீங்க நடக்கல. நடுநடுவுல கொஞ்சம் நடந்துட்டு, மத்த நேரமெல்லாம் நிக்கறீங்க. நடந்ததுல கரைஞ்சதை டீயும் பன்னும் திருப்பிக் குடுத்துடுது. கால் தசை நல்லா வேலை செஞ்சாத்தான் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அது இழுத்துக்கும். இதயம் கொஞ்சம் வேகமா அடிச்சுப் பழகினாத்தான் ரத்தக் குழாய் இளகும், அழுத்தம் இறங்கும். நிக்காம அரை மணி நேரம் நடங்க. பேசினா பேச்சு வரணும், பாடினா பாட்டு வரக் கூடாது. அதுதான் உங்க வேகம். அப்புறம் கைக்கும் தோளுக்கும் கொஞ்சம் பயிற்சி சொல்லித் தர்றேன், வீட்டுல செய்யுங்க."

வெளியே வந்து மச்சினன் கேட்டான்: "அப்போ எக்ஸ்பிரஸ் சர்வீஸா மாமா?"

முதல்வண்டிக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். டீயை விடச் சொன்னால் விட்டுவிடலாம், பன்னையும் விடலாம், அரைமனதோடு. ஆனால் ஸ்டாப்பில் கை காட்டி ஆள் நிற்கும்போது நிற்காமல் போவதா? பாவம், அந்த மனுஷர் அன்றைக்கு நிஜமாகவே வேதனைப்பட்டார். போனால் சர்வீஸ் முழுக்கக் காப்பாற்றிய பெயர் போகும், நின்றால் ஸ்டியரிங் போகும்.

மறுநாள் காலை டீச்சரம்மா வழக்கம்போல ஸ்டாப்பில் நின்று கையைக் காட்டினார். முதல்வண்டிக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கால்கள் இடது பக்கம் இழுத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தார்.

"நிக்க மாட்டேன் டீச்சரம்மா! ஓடி வந்து ஏறிக்குங்க!"

"ஓடுற வண்டியில ஏறக் கூடாதுன்னு எல்லாரையும் எத்தனை தடவை திட்டியிருப்பீங்க!"

"அது கார்ப்பரேஷன் வண்டி. இது டாக்டரம்மா வண்டி! ஏறுங்க, ஏறுங்க!"

டீச்சரம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளை மாதிரி வேகமாக வந்து வரிசையில் புகுந்தார். முட்டி வலிக்காரர் அப்படி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர் உட்பட. வரிசை மொத்தமும் கை தட்டியது. ரோட்டோரம் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து, என்ன விசேஷம் என்று தெரியாமலேயே கொஞ்ச தூரம் கூட வந்தது.

அன்றிலிருந்து எல்லாரும் ஓடும் வண்டியில் ஏறினார்கள், ஓடும் வண்டியிலிருந்து இறங்கினார்கள். வேகம் சரியா என்று பார்க்கும் கருவி மச்சினனின் தொண்டை. அவனுக்குப் பாட்டு என்றால் உயிர், பாட்டுக்குத்தான் அவனைக் கண்டால் ஆகாது. "பாடுடா பார்க்கலாம்," என்று முன்னாலிருந்து குரல் வரும். அவன் ஒரு வரியை முழுசாக இழுத்து முடித்துவிட்டால் வேகம் போதவில்லை என்று அர்த்தம். வரிசை அலறியடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டும். பாதி வரியில் மூச்சு வாங்கினால் அதே வேகம். அவனுடைய குரலிலிருந்து தப்பிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகவே அந்த ஊரில் பல பேருக்கு இதயம் பலப்பட்டது.

முதல்வண்டிக்காரரிடம் மாற்றம் மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் குனிந்து செருப்பு வாரை மாட்டினார், மூச்சு முட்டவில்லை. ஒரு நாள் பேன்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது, அதைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார். காரணமில்லாத எரிச்சல் குறைந்தது. கேட் கூண்டில் உட்கார்ந்தபடியே, டிரிப் முடித்து வந்துபோகும் புது டிரைவருக்குக் கை அசைக்கும் அளவுக்கு மனசு லேசானது, கியர் சத்தம் வரும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்வார். ராத்திரித் தூக்கமோ கேட்கவே வேண்டாம். அவருடைய குறட்டைக்குப் பயந்து மனைவி பல வருடமாகக் கூடத்தில்தான் படுத்திருந்தாள். திடீரென்று ஒரு நாள் குறட்டை நின்றுவிட்டது. சத்தத்துக்கு எழாதவள் அமைதிக்குத் திடுக்கிட்டு எழுந்து ஓடிவந்து, அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சுடச்சுட, சீராக வந்தது. விரலை எடுக்காமலே அங்கேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பரிசோதனை நாள் வந்தது. வரிசை மொத்தமும் அவரைக் கொண்டுவந்து டாக்டரம்மா வாசலில் இறக்கிவிட்டது. உள்ளே போனதும் ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றினார்கள். அழுத்தம் மேலே நின்றது. முதல்வண்டிக்காரர் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"நடந்து வந்த உடனே பார்த்தா அப்படித்தான் இருக்கும். பயம் வேற," என்றார் டாக்டரம்மா. "கொஞ்ச நேரம் பேசாம உட்காருங்க."

மச்சினனைப் பேசாமல் இருக்கச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவனை வெளியே அனுப்பினார்கள். அவர் காலைத் தரையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். திரும்பப் பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மாடிப்படியைக் காட்டினார். அவர் ஏறினார், இறங்கினார். இறங்கும்போது நர்ஸிடம் அவளுடைய பையனின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே இறங்கினார்.

"சர்க்கரையும் கைக்குள்ள வந்துடுச்சு," என்று கையெழுத்துப் போட்டார் டாக்டரம்மா. "ஸ்டியரிங் உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. இது வாங்கிப் பெட்டியில வெச்சுக்கற சொத்து இல்ல. நடையை விட்டீங்கன்னா கொஞ்ச நாள்ல எல்லாம் பழையபடி ஏறிடும்."

வாசலில் காத்திருந்தவர்கள் போட்ட கூச்சலில், மேல்மாடி நோயாளிகள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். மச்சினன் அடித்த விசிலுக்கு அளவே இல்லை. தெருவில் போன இரண்டு ஆட்டோக்கள் பிரேக் போட்டு நின்றுவிட்டன.

டிப்போ மானேஜர் அன்றைக்கு மத்தியானமே அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். "வாங்க, வாங்க! நாளையிலருந்து உங்க முதல் வண்டி உங்களுக்கே. அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டேன்."

முதல்வண்டிக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். மூன்று மாதமாக ஸ்டூலில் உட்கார்ந்து இந்த வார்த்தைக்குத்தானே தவம் கிடந்தார்! ஆனால் முதல் வண்டி கிளம்பும் நேரத்தில்தான் நடையும் கிளம்ப வேண்டும். மத்தியான வெயிலில் யார் நடப்பார்கள்? டியூட்டி முடிந்து அலுத்து வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பது அவருக்கே தெரியும். ஒரு வாரம் விடுவார், ஒரு மாதம் விடுவார், வயிறு திரும்பவும் ஸ்டியரிங்கை முட்டும்.

"சார், எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட் குடுத்துடுங்க. முதல் வண்டியை அந்தப் பையனே ஓட்டட்டும்."

மானேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன பேசறீங்க? உடம்புக்கு ஏதாவது..."

"உடம்பு இப்பத்தான் சார் சரியாச்சு. அதனாலதான் கேக்கறேன்."

"உங்க பேரே முதல்வண்டிக்காரர் ஆச்சேய்யா!"

"பேர் கிடக்கட்டும் சார். ஆள் இருக்கணும்ல?"

சொல்லிவிட்டார். வெளியே வந்து ஷெட்டில் நின்ற தன் பஸ்ஸை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஏறச் சொல்லிக் கூப்பிட்ட ஆட்டோவையெல்லாம் ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் கிடைத்ததைச் சொன்னார், முதல் வண்டியை விட்டுக்கொடுத்ததையும் சொன்னார். சிரிப்பாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"மூணு மாசமா நீங்களும் தம்பியும் ஸ்டியரிங் போயிடுமோ, ஸ்டியரிங் போயிடுமோன்னு பயந்துட்டு இருந்தீங்க," என்றாள். "நான் அதுக்கா பயந்தேன்?"

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கோணல்மாணலாக மடித்தார். அவள் அதைப் பிடுங்கி, உதறி, திரும்ப மடித்தாள்.